ஏழு காரணங்களும் மதினியின் கோழிகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாராயண் என்றொரு நண்பர் விவசாய மாத இதழ் நடத்துகிறார். அவர்தான் கேட்டார்: "வீட்ல கோழி வளக்கறவங்க ஏன் ஒரே ரகமா வளக்காம நாலஞ்சு ரகத்தைக் கலந்து வளக்கறாங்க? ஒரு கட்டுரை குடுங்க சார். ரெண்டு பக்கம் போதும். கதை கிதைன்னு ஆரம்பிச்சிடாதீங்க." கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். போன வருடம் சொட்டுநீர்ப் பாசனம் பற்றிக் கேட்டதற்கு ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். அதில் சொட்டும் இல்லை, நீரும் இல்லை என்று இன்றுவரை பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் ராஜரத்தினம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். கோழியோடு எனக்குள்ள பழக்கம் அது குழம்பில் மிதக்க ஆரம்பித்த பிறகுதான். ஆனால் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் என் மதினி மாரிச்செல்வி இருக்கிறார். என் அண்ணன் உக்கிரபாண்டியின் மனைவி. அவருடைய புறவாசலில் முப்பது கோழிக்கு மேல் மேய்கிறது, ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டேன். ஏழு காரணங்கள் கிடைத்தன. எழுதி முடித்து, மடித்து, உறையில் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்தக் கதை. நாராயண் மன்னிக்க வேண்டும்.

2

தொடக்கம் மட்டும் மூன்று தடவை எழுதினேன். அடித்ததை மறைக்காமல் அப்படியே வைக்கிறேன்.

[மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்னையும் மாவும் சூழ்ந்த ஒரு சிற்றூரில், காலைப் பனி விலகும் வேளையில்]

வேண்டாம். மலையை வர்ணித்துவிட்டுக் கோழிக்கு வருவதற்குள் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள்.

[ஐந்து நிறம், ஐந்து குரல், ஒரே புறவாசல். இதுவல்லவோ நம்]

சீ. சுதந்திர தினப் பேச்சுப் போட்டி.

[கோழிகளுக்குள் ஜாதி உண்டா? மாரிச்செல்வியின் கோழிக் குடாப்புக்குள் இல்லை. அங்கே யார் இட்ட முட்டையையும் யாரும் பொரிக்கலாம்.]

இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை வைத்து எங்கெங்கோ போயிருப்பேன். ராஜபாளையத்தில் இருப்பவனுக்குச் சுத்த ரகம் என்றாலே வாய் ஊறும். எங்கள் ஊர் நாய்க்குட்டி வாங்கக் கார் போட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது "ஒரிஜினல்தானா?" என்றுதான். சுத்த வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்காது என்று வளர்ப்பவர்களே சொல்வார்கள். இதையும் ஒரு பத்தி சேர்த்தால் கதை எடுத்த எடுப்பிலேயே பறக்கும். பறக்கட்டும் என்றுதான் மதினிக்குப் போன் போட்டு அந்த மூன்று வரியைப் படித்துக் காட்டினேன்.

முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"கொழுந்தனாரே, அது பாட்டுக்கு மேஞ்சிக்கிட்டு இருக்கு. ஏங்கோழியப் பிடிச்சுட்டுப் போயி ஊர்ப் பஞ்சாயத்துல விடாதீக."

போனை வைத்துவிட்டார். நானும் அடித்துவிட்டேன்.

3

அந்த ஏழு காரணங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டுரை கேட்ட அன்று நாராயண் வாங்கிக் கொடுத்த காப்பி எனக்குச் செரிக்காது.

சிறுவிடை என்பது நம் ஊர்ச் சின்னக் கோழி. முட்டை குறைவு. ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் எழும்பாது, எவள் இட்டுப் போட்ட முட்டையையும் தன்னுடையதாகப் பொரித்துக் கொடுக்கும். பண்ணையிலிருந்து வந்த பழுப்புக் கோழி இதற்கு நேர் எதிர். வருடம் முழுக்க இடும், இட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெருவிடை கனத்த உடம்பு. கறிக்கு ஆகும், கீரி வந்தால் எதிர்த்தும் நிற்கும். கழுத்தில் மயிர் இல்லாத கிராப்புக் கோழி பார்க்க அழகில்லை, ஆனால் சித்திரை வெயிலுக்கு அசையாது. கின்னிக்கோழி இருக்கிறதே, ஒரு சுள்ளி புரண்டாலும் தெருவையே கூட்டும். புறவாசலில் பாம்பு புகுந்தால் முதல் செய்தி அதனிடமிருந்துதான் வரும். பிறகு நிறம். கறுப்பும் செம்மையும் புள்ளியுமாகக் கலந்து நின்றால் பருந்துக்குச் சட்டென்று கண் நிலைக்காது. வெள்ளைக் குஞ்சுதான் முதலில் பறிபோகும். ஏழாவது, சீக்கு. வந்தால் எல்லா ரகத்தையும்தான் பிடிக்கும், ஆனால் எல்லாம் ஒரே நாளில் சுருண்டு விழாது என்கிறார் மதினி.*

* தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். கலந்து வளர்த்தால் மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. (இந்த வரி நாராயணுக்காக.)

காரணங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. உறையில் போட்டு ஒட்டிய அன்றைக்குத்தான் அண்ணன் போன் செய்தார். அடுத்த சனிக்கிழமை கோழி வியாபாரி சமுத்திரம் குட்டியானை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாராம். அத்தனை கோழியையும் ஏற்றிவிடப் போகிறாராம்.

"மதினிட்ட கேட்டீகளா?"

"இதுல கேக்கதுக்கு என்னலே இருக்கு?"

4

இங்கே ஒரு சிக்கல். என் அண்ணன் என் கையில் கெட்டவராகிக்கொண்டு வருகிறார்.

[உக்கிரபாண்டி மீசையை முறுக்கினார். அவருடைய பூட்ஸ் சத்தத்தில் கோழிகள் நடுங்கின.]

பொய். அவருக்கு மீசை முறுக்கத் தெரியாது. கோழிகள் அவரைக் கண்டு நடுங்கியதும் இல்லை. அவருடைய காலடியில்தான் அதிகமாகக் கழிந்து வைக்கும்.

இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் போன தை மாதம் வீடு வந்தவர். விடியுமுன்னே எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். போட்டுக்கொண்டு போக இடமில்லை, மறுபடியும் எடுத்து வைப்பார். வாசல் செருப்புகளை வரிசையாக நிறுத்தினார். மதினியின் மசாலா டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி, சீரகம் எங்கே என்று மதினியைத் தேட வைத்தார். மகளும் மகனும் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். வயலைக் குத்தகைக்காரர் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் எல்லாமே அவர் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. கை வைக்க மிஞ்சியது புறவாசல் ஒன்றுதான்.

"ஏட்டி, இது கோழிக்கூடா, பஸ் ஸ்டாண்டா?" என்பது அவர் முதல் வாரத்தில் கேட்டது. "ஒண்ணு கட்டை, ஒண்ணு நெட்டை, ஒண்ணுக்குக் கழுத்துல மயிரே இல்ல. ஒரு ஒழுங்கு வேணாமா?"

தேனிப் பக்கம் அவருடைய பட்டாளத்து நண்பர் ஒருவர் கடக்நாத் என்கிற கருங்கோழி மட்டுமே வைத்திருக்கிறார். கொண்டையிலிருந்து கால் நகம் வரை கறுப்பு. ஒரு நாள் வீடியோ அனுப்பினார். நண்பர் தட்டைத் தட்டியதும் அத்தனை கோழியும் ஒரே பக்கம் தலையைத் திருப்புகிறது. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு இதை மட்டும் வாங்கி வளர்ப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை வீடு வந்த நாளிலிருந்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகு அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வரவில்லை.

5

கட்டுரை எழுதினவன் சும்மா இருப்பானா? உறையைக் கிழித்து எடுத்துக்கொண்டு மகாராஜபுரம் போனேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து ஏழு காரணங்களையும் சத்தமாகப் படித்தேன். மதினி சற்றுத் தள்ளி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார்.

"அடைக்கா? இன்குபேட்டர் வாங்குதேன். வெயிலா? கூரைக்கு மேல தண்ணி தெளிக்க ஏற்பாடு பண்ணுதேன். பருந்துக்கு வலை. பாம்புக்கு லைட்டு, கீழயும் வலை. சீக்குக்கு ஊசி. கருங்கோழி முட்டை கம்மியாத்தான் இடும், இட்டுட்டுப் போட்டும், தின்னது நாம ரெண்டு பேருதான."

"கீரிக்கு?"

"நான் இருக்கேம்லா," என்றார்.

நான் கட்டுரையை மடித்தேன். யோசித்துப் பாருங்கள். ஏழு காரணங்களும் ஏழு குறைகளுக்கான மருந்து, வேறொன்றுமில்லை. அந்த மருந்தைக் கடையில் வாங்க முடியும் என்றால் காரணம் தீர்ந்துபோகிறது. இரண்டு பக்கக் கட்டுரை, ஒரு கீரைக்கட்டை உருவி முடிப்பதற்குள் செத்துப்போனது.

அண்ணன் எழுந்து போனபின் மதினியிடம் கேட்டேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஒங்க கட்டுரையில உள்ளது பூராம் சரிதான் கொழுந்தனாரே. நான் சொன்னதுதான. ஆனா அதுக்காக நான் வளக்கல."

"பெறகு எதுக்கு?"

"ஒல கொதிக்கு," என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

அந்தப் பதிலை நானே எழுதிவிடலாம் என்று ராஜபாளையம் வந்து உட்கார்ந்தேன்.

["கோழியும் பெத்த பிள்ளை மாதிரிதான்" என்றார் மதினி. அவர் கண்கள் பனித்]

இது மகா பொய். மதினி கோழியை உரித்து மஞ்சள் தடவும்போது செல்போனில் பாட்டுக் கேட்பவர்.

["எல்லாம் கலந்திருக்கதுதான் உலகம் தம்பி"]

இதை மதினி சொல்லவே மாட்டார். நான்தான் சொல்வேன், அதுவும் மேடையில். இரண்டையும் அடித்தேன்.

6

இனிமேல் நடந்தது வெள்ளிக்கிழமை காலை. வண்டி வர ஒரு நாள் இருக்கிறது. நான் அங்கே இல்லை. அண்ணன் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். இடையில் ஏதாவது அழகாக இருந்தால் அது என் கைவரிசை என்று சந்தேகப்படுங்கள்.

மதினி ஒரு சிவப்புச் சிறுவிடையை அடைக்கு வைத்திருந்தார். வைத்த தேதியை அண்ணன் காலண்டரில் குறித்துக்கொண்டார். கோழி முட்டை பொரிய இருபத்தொரு நாள். அது அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். இருபத்தொன்று வந்தது. குஞ்சுச் சத்தம் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, அப்போதும் இல்லை. மதினி ஒரு வளைகாப்புக்கு வத்திராயிருப்பு போயிருந்தார். அத்தனையும் கூமுட்டை என்று அண்ணன் முடிவு கட்டினார். நாளைக்கு வண்டியில் ஏறப்போகிற கோழி இப்படி மெலிந்து, மயிர் சிலிர்த்து, கெட்டுப்போன முட்டைமேல் உட்கார்ந்திருக்கக் கூடாது. அடையைத் தெளிய வைக்க வேண்டும்.

அடை தெளிய வைக்க இந்தப் பக்கத்து வழக்கம் கோழியைத் தண்ணீரில் முக்குவது. உடம்புச் சூடு இறங்கினால் உட்காரும் எண்ணம் போய்விடும். அண்ணன் அதைச் சரியாகவே செய்தார். தொட்டியில் மூன்று முக்கு முக்கி, உதறி, வெயிலில் விட்டார். பிறகு கூடையிலிருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து எருக்குழியில் வீசினார்.

அது கூமுட்டையாக இருந்தால் பட்டென்று வெடித்து நாறியிருக்கும். அப்படி வெடிக்கவில்லை. ஓடு விரிந்த இடத்தில் ஈரமாக ஒன்று அசைந்தது.

சிறுவிடைக்கு அடியில் மதினி வைத்திருந்தது கின்னிக்கோழி முட்டை. கின்னி நன்றாகக் கத்தும், ஒழுங்காக அடைகாக்காது. அதனால் அதன் முட்டையைச் சிறுவிடைக்குத்தான் வைப்பார்கள். அது பொரிய மேற்கொண்டு ஒரு வாரம் போல ஆகும். சற்றுச் சின்னதாக, பழுப்பாக இருந்த முட்டைகளை அண்ணன் ஏதோ இளங்கோழி முட்டை என்று நினைத்திருந்தார். ஒரே கணக்கில் எல்லாம் அடங்கும் என்று நம்புகிறவர் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது.

மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது.

"ஏலே ராசா."

"சொல்லுங்கண்ணே, கேக்கல."

"உயிரு இருந்துச்சுலே. கால ஒதைச்சுச்சு. நான் கையில எடுத்தேன். செத்த நேரந்தான் இருந்துச்சு."

எல்லையில் அவர் எதையெல்லாம் பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் குரலைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நூல் சுற்றுகிற வைண்டிங் பெண்கள் பார்க்கக் கூடாது என்று பஞ்சு தூசி விழுந்த மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

7

பெர்மிஷன் போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ் பிடித்து, வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தேன்.

மதினி எனக்கு முன்பே வந்திருந்தார். சத்தம் போட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. முக்கின சிறுவிடை கூடைக்குள் வர மறுத்துவிட்டது. ஒரு கிராப்புக் கோழி இரண்டு நாளாக வெறும் தரையில் அடைக்கு உட்கார்ந்துகொண்டிருந்தது. மீதி முட்டைகளைத் துடைத்து அதன் அடியில் வைத்துவிட்டார். அது ஒன்றும் கேட்காமல் இறக்கையை அகட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. முட்டை எத்தனை நேரம் குளிர்ந்து கிடந்ததோ, உயிர் இருக்கிறதோ இல்லையோ, யாருக்கும் தெரியாது.

(பாருங்கள், எட்டாவது காரணம் கிடைத்துவிட்டது என்று என் கை பரபரக்கிறது. ஒன்று விட்டதை இன்னொன்று எடுத்துக்கொள்ளும், அதனால்தான் கலந்து வளர்க்கிறார்கள். இதையும் அண்ணன் இன்குபேட்டரை வைத்து அடித்துவிடுவார். விடுங்கள்.)

அண்ணன் புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மதினியைப் பார்க்காமல் கேட்டார்.

"கின்னி முட்டைன்னு எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலயே."

"கேக்காட்டி சொல்ல மாட்டியா?"

அப்போதுதான் மதினி பேசினார். நான் அவருக்காக எழுதிவைத்திருந்த வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. நினைவில் நின்ற மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"மொதல்ல நம்மட்ட வெறும் சிறுவிடைதான் இருந்துச்சு. ஒரு நா கீரி வந்து பாதியக் கொன்னு போட்டுருச்சு. ஒங்களுக்குப் போனப் போட்டேன், என்ன செய்யட்டும்னு. 'ஒனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி'ன்னு சொன்னீக. பெருவிடை வாங்குனேன். வைக்கப்படப்புல பாம்பு கெடந்துச்சு, மக முட்டைக்குக் கைய விட்டுத் துழாவுத எடத்துல. போனப் போட்டேன். அதே பதிலு. செண்பகத்தோப்புல ஒருத்தர்ட்ட சொல்லி வச்சு கின்னி வாங்கியாந்தேன். பிள்ளைகளுக்கு முட்ட பத்தல, பழுப்புக்கோழி வந்துச்சு. ஒரு சித்திரையில வெயிலுக்கு வரிசையா விழுந்து செத்துச்சு, கிராப்பு வந்துச்சு. பொறவு போன் போடுததயே விட்டுட்டேன். அவிய அங்கன பனியில நிக்காக, இங்கன கோழி செத்துச்சுன்னு சொல்லி என்னத்துக்குன்னு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மதினி நிறுத்தவில்லை.

"கோழி மட்டுமா? பிள்ளைக காச்சலு, மாமா ஆஸ்பத்திரியில கெடந்தது, மோட்டார் எரிஞ்சது, அம்புட்டுக்கும் நானேதான் முடிவெடுத்தேன். சரியா தப்பான்னு சொல்ல ஆளு கெடையாது. அதுல எதையும் இப்ப ஒங்களுக்குக் காட்ட முடியாது. காட்டுத மாதிரி நிக்கது இந்தக் கோழிக மட்டுந்தான். இதுல ஒவ்வொண்ணும் நான் ஒத்தையில எடுத்த முடிவு. நீங்க வந்து பஸ் ஸ்டாண்டுங்கீக. எனக்கு வருத்தமா இருக்கு."

"அப்ப நான் வேற என்னத்தச் சொல்லிருக்க முடியும்? நான் அங்கன இருந்தேன்," என்றார் அண்ணன். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"ஒண்ணும் சொல்லிருக்க முடியாதுதான். அது எனக்குத் தெரியாதா? இப்ப இங்கனதான இருக்கீக."

மதினி குருணைச் சட்டியை எடுத்துக்கொண்டு கோழிகளை அடைக்கப் போனார். அண்ணன் எழுந்து குடாப்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

8

அன்று ராத்திரி நாராயண் போன் செய்தார். "முடிவுரைக்குக் கட்டம் கட்டி இடம் விட்ருக்கேன் சார். நாலு வரி." நான் நாலு வரிக்குப் பதில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: கடக்நாத் வருகிறது. ஒரே மாதத்தில் சீக்கு பிடித்து அத்தனையும் சாய்கிறது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார, மதினி சொன்னதுதான் சரி என்று ஊரே பேசுகிறது. இதை எழுதிப் பாதியில் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு வாதத்தை ஜெயிக்க வைப்பதற்காகக் கருங்கோழிகள் ஏன் சாக வேண்டும்? அவற்றின் மேல் எனக்கு என்ன பகை? தேனி நண்பருடைய கோழிகள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

இரண்டாவது: வண்டி வந்து நிற்கிற அதே நேரத்தில் கிராப்புக் கோழிக்கு அடியிலிருந்து கீச்சென்று சத்தம். முதல் கின்னிக் குஞ்சு. அண்ணன் கண்ணில் நீர். வண்டி திரும்பிப் போகிறது. உங்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த முட்டைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கதைக்காக அவசரப்படுத்தினால், நானும் எருக்குழிப் பக்கம் நின்ற ஆளாகிவிடுவேன்.

மூன்றாவது: அண்ணனே வியாபாரிக்குப் போன் போட்டு "வரவேண்டாம்" என்கிறார். பாதிப் புறவாசலில் கலப்பு, பாதியில் கறுப்பு என்று வேலி போட்டுக்கொள்கிறார்கள். [இருவரும் சிரித்தார்கள்] வேண்டாம். வேலியை நான் போட்டேன், அவர்கள் போடவில்லை.

மூன்றிலும் ஒரே தப்பு இருப்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. முதல் முடிவில் சீக்கு முடிவெடுக்கிறது. இரண்டாவதில் குஞ்சு. மூன்றாவதில் அண்ணன். எல்லாவற்றிலும் சேர்த்து நான். மதினி எதிலும் இல்லை.

9

சனிக்கிழமை காலை. இதை மகாராஜபுரத்தில், புறவாசல் கல்லில் உட்கார்ந்து, நடக்க நடக்க எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி வருவதற்கு முன்னால் மதினி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். கோழிகளைக் காப்பாற்றிவிடலாம் என்று எதையோ சொல்லித் தேற்றப் போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க என்னமோ நான் கோழியப் பிடிச்சுக்கிட்டு அழுவேன்னு நெனைக்கீக. காலையில எந்திச்சா குருணை, பொழுது சாஞ்சா எண்ணி அடைக்கணும். ஒரு கல்யாணம் காட்சின்னு ராத் தங்க முடியல. கோயமுத்தூர்ல மக ஒரு வாரம் வந்து இரும்மாங்கா. எல்லாத்தையும் குடுத்துட்டு அங்கன போயி இருந்தா என்னன்னுகூடத் தோணுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை பக்கமும் இந்தக் கோழிகளை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று நினைத்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் படித்திருப்பீர்கள்.

"அப்ப குடுத்துரலாமா?"

"அதுவுந் தெரியல. விடியக்காலம் கின்னி கத்தாம எந்திரிச்சு எனக்குப் பழக்கமில்ல."

சமுத்திரம் வந்துவிட்டார். குட்டியானையைப் பின்பக்கமாகவே உள்ளே விட்டு நிறுத்தி, கூண்டுகளை இறக்கி வைத்தார். வரவேண்டாம் என்று அண்ணன் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் அண்ணன் தனியாக எடுத்த முடிவாகத்தானே இருந்திருக்கும்? (இது என் வியாக்கியானம். சொல்ல மறந்திருக்கவும் கூடும்.)

"அண்ணாச்சி, எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்? பெரிசு மொதல்ல ஏத்திருவமா?" என்று சமுத்திரம் கையை உரசிக்கொண்டு கேட்டார்.

அண்ணன் அவரை விட்டு மதினி நின்ற இடத்துக்குப் போனார். பட்டாளத்துக்காரர் பேசுகிற தோரணை எங்கே போயிற்றோ, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாரி."

ஏட்டி என்று கூப்பிடவில்லை. மதினி திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு அந்தக் கறுப்புக் கோழி மேல ஆசைதான். இல்லன்னு சொல்லல. ஆனா என்ன செய்யலாம்னு நீ சொல்லு. குடுக்கணும்னா குடுப்போம். வேணாம்னா நான் சமுத்திரத்துக்கிட்ட பேசிக்கிடுதேன். பாதின்னா பாதி. நீ சொல்லுததுதான்."

மதினி கோழிகளைப் பார்த்தார். கிராப்புக் கோழி இருக்கிற மூலையைப் பார்த்தார். கூண்டுகளைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். எந்தப் பதில் வந்தாலும் அதற்கு ஏற்ற கடைசிப் பத்தி என்னிடம் தயாராக இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றார் மதினி.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குருணைச் சட்டியைத் தூக்கினார். பா, பா என்று கூப்பிட்டுக்கொண்டே தென்னை மரத்து மூட்டுப் பக்கம் போனார். அவசரமே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வீசினார்.

சமுத்திரம் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் அண்ணாச்சி? எனக்கு அடுத்து கூமாப்பட்டி போகணும்லா."

"தெரியல," என்றார் அண்ணன். "அவ யோசிக்கா. பொறுங்க."

சமுத்திரம் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நின்றுகொண்டே இருக்கிறார். நாராயண் இரண்டு தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. கட்டம் கட்டின இடத்தை அவர் காலியாக விட்டுக்கொள்ளட்டும். வாசகரே, உங்களுக்கு நான் ஒரு முடிவு கொடுக்கக் கடமைப்பட்டவன்தான், கையில் மூன்று இருக்கிறது, நாலாவதும் தோன்றுகிறது. கொடுக்க மாட்டேன். உங்களிடம் ஒன்று இருந்தால் அதையும் தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். மதினி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் காத்திருக்கிறோம்.